ஐநூற்றி ஒண்ணாவது யூனிட்

அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருந்தால் நீங்கதான் ராஜா. 74 என்றால்? ஹெச்.ஓ.டி. ரூம் வாசலில் கால் கடுக்க நிற்கணும், லெட்டர் எழுதணும், அப்பாவைக் கூட்டிட்டு வரணும், கடைசியில் கண்டொனேஷன் ஃபீஸ் என்று ஒரு தொகையைத் தண்டம் அழணும். அந்த ஒரே ஒரு சதவீதத்தில் நீங்க ஒண்ணும் பெரிய குற்றவாளி ஆகிவிடவில்லை. கோடு அங்கே போட்டிருக்கிறார்கள், நீங்க இந்தப் பக்கம் நிற்கிறீர்கள்... அவ்வளவுதான் மேட்டர்!

உங்க வீட்டு கரன்ட் பில்லிலும் இதே மாதிரி ஒரு கோடு ஒளிஞ்சிருக்கு பாஸ். அதன் பெயர் 500 யூனிட். வருஷத்தில் மற்ற மாசமெல்லாம் அதன் பக்கமே போகாத வீடுகூட, ஏப்ரல் - மே பில்லில் அதை அசால்ட்டாகத் தாண்டிவிடும். தாண்ட வைப்பது யார்? செமஸ்டர் முடிந்து வீட்டுக்கு வந்து, பகல் பன்னிரண்டு வரை தூங்கி, மதியம் மேட்ச் பார்த்து, ராத்திரி ரெண்டு மணி வரை ஏ.சி ரூமில் வெப் சீரிஸ் ஓட்டுகிற ஒரு ஜீவன். பேர் சொல்ல விரும்பலை!

கொஞ்சம் கணக்கு போடுவோம். பயப்படாதீங்க, எம்-3 லெவல் எல்லாம் இல்லை, கூட்டல் பெருக்கல்தான். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ (இது 2016-ல் வந்த சலுகை). அடுத்த 100-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு. 201-லிருந்து 400 வரை நாலரை ரூபாய். 401-லிருந்து 500 வரை 6 ரூபாய். மீட்டர் கரெக்டாக 500-ல் நின்றால் பில் 1,725 ரூபாய்.

இப்போ இன்னும் ஒரே ஒரு யூனிட் ஓடட்டும். 501. அவ்வளவுதான், உங்களைத் தூக்கி வேறு கிளாஸில் உட்கார வைத்துவிடுவார்கள்! 101-லிருந்து 200 வரைக்குக் கிடைத்த அந்த ரெண்டே கால் ரூபாய் ரேட் காணாமல் போய், அதுவும் நாலரை ஆகிவிடும். 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக மொத்தம் 1,958. அதாவது, அந்த ஒத்தை யூனிட்டோட விலை 233 ரூபாய். ஒரு சினிமா டிக்கெட்டும், இன்டர்வெலில் வெறும் வாசனை மட்டும் பிடிக்கிற பாப்கார்னில் கொஞ்சமும் அதில் அடங்கிவிடும். அதற்கு மேலேயும் படி ஏறிக்கொண்டே போகும். 601-லிருந்து 9 ரூபாய், 801-லிருந்து 10, ஆயிரத்தைத் தாண்டினால் 11. இதற்குப் பிறகு, 2024 ஜூலையில் ரேட் இன்னும் கொஞ்சம் ஏறியது. அதனால் உங்க பில்லில் இருக்கிற ரேட்டை வைத்து இதே கணக்கை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்க. அப்பா முகம் பில் வருகிற அன்றைக்கு மட்டும் ஏன் அப்படி மாறுகிறது என்று புரியும்.

500 யூனிட்டை 60 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 8.3 யூனிட். இதுதான் உங்க வீட்டோட டெய்லி பாக்கெட் மணி. சரி, யூனிட் என்றால் என்ன? 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் பொருள் என்றால் பத்து மணி நேரம் ஓடலாம். பிளஸ் டூ பிசிக்ஸில் படித்துவிட்டு, பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்தது!

இங்கேதான் வீட்டில் நடக்கிற முக்கால்வாசி சண்டை தப்பான இடத்தில் நடக்கிறது. "எப்பப் பாரு அந்த செல்லை சார்ஜ்ல போட்டே வெச்சிருக்கே, கரன்ட் பில் எவ்வளவு வருது தெரியுமா?" - இந்த டயலாக் கேட்காத காதுகள் தமிழ்நாட்டில் உண்டா? கணக்கைப் பார்ப்போம். இன்றைய ஒரு ஸ்மார்ட்போன் பேட்டரியை ஜீரோவிலிருந்து ஃபுல்லாக ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்துச் சுமார் 25 வாட் அவர். தினமும் ஒருமுறை ஃபுல் சார்ஜ் போட்டாலும் ரெண்டு மாசத்துக்கு ஒன்றரை யூனிட்தான். அம்மாகிட்ட தைரியமா சொல்லலாம் (கொஞ்சம் தள்ளி நின்று சொல்வது நல்லது). அதே மாதிரி மிக்ஸி. 750 வாட், சத்தத்தைக் கேட்டால் பவர் ஸ்டேஷனே வீட்டுக்குள் வந்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு மொத்தமே பத்து நிமிஷம். ரெண்டு மாசத்துக்கு ஏழெட்டு யூனிட். சட்னிக்கு மன்னிப்பு உண்டு.

அப்போ வில்லன் யார்? சத்தம் போடாதவன். நாள் முழுக்க தலைக்கு மேலே சுத்துகிற ஃபேன்!

சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று சுமார் 75 வாட். பார்த்தால் ஒண்ணும் இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் கோடையில் அது நிற்பதே இல்லையே. ஒரு நடுத்தரக் குடும்பம், ரெண்டு பெட்ரூம் வீடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஃபேன், ஒவ்வொன்றும் தினமும் 16 மணி நேரம். 60 நாளுக்கு 216 யூனிட்! ஃப்ரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒன்று என்று 60. எல்.இ.டி டியூப் லைட் எல்லாம் சேர்த்து 24. டி.வி-யும் செட்-டாப் பாக்ஸும் 38. தண்ணி மோட்டார் அரை மணி நேரம் ஓடினால் 30. மிக்ஸி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், வாஷிங் மெஷின் சில்லறை எல்லாம் 30. கூட்டினால் 398. இன்னும் ஏ.சி-யைப் போடவே இல்லை பாஸ், அதற்குள் நானூறு! அதில் பாதிக்கு மேல் ஃபேன்.

இந்த வீட்டில் ஒரு பழைய ஒன்றரை டன் ஏ.சி தினமும் எட்டு மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்க. கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவதைக் கணக்கில் எடுத்தாலும் மணிக்கு ஒரு யூனிட் போகும். 480 யூனிட். மொத்தம் 878. பில், மேலே சொன்ன ரேட்டில், 5,330 ரூபாய். ஏ.சி இல்லாமல் வந்திருக்க வேண்டியது 1,116. "வாங்கும்போது கொடுத்த காசைவிட ஓட்டுறதுக்குத்தான்யா அதிகம்" என்று அப்பாக்கள் புலம்புவதில் நியாயம் இருக்கு.

சரி, அப்போ ஏ.சி-யே கூடாதா? அப்படி யார் சொன்னது? ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிற ஊர் நம்முடையது. வீட்டில் பாட்டி தாத்தா இருப்பாங்க, கைக்குழந்தை இருக்கும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் இருப்பார். இவங்க ரூமில் ஃபேனை நிறுத்தி, ஏ.சி-யை ஆஃப் செய்து யூனிட் மிச்சம் பிடிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அது சிக்கனம் இல்லை, ஆஸ்பத்திரி பில்லுக்கு அட்வான்ஸ். யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் ஓடுகிறதே கரன்ட், அதைப் பிடிக்கணும். பிடித்தால், ஏ.சி-யும் ஓடும், 500-க்குள்ளேயும் நிற்கும். எப்படி?

முதலில் ஃபேன். பி.எல்.டி.சி மோட்டார் போட்ட ஃபேன்கள் வந்து பல வருஷமாச்சு. ஃபுல் ஸ்பீடில் சுமார் 30 வாட்தான். அதே மூன்று ஃபேன், அதே 16 மணி நேரம்... 216 யூனிட் 86 ஆகிவிடும். 130 யூனிட் லாபம்! ஒரு ஃபேன் இரண்டாயிரத்து ஐநூறிலிருந்து மூவாயிரத்து ஐநூறு வரை ஆகும். மூன்றையும் ஒரே நாளில் மாற்ற அப்பாவை அரிக்க வேண்டாம். வீட்டில் எந்த ஃபேன் அதிக நேரம் சுத்துகிறதோ, பெரும்பாலும் அது ஹாலில், பாட்டி தலைக்கு மேலே இருக்கும், அதை முதலில் மாற்றினால் போதும். கல்யாணத்துக்கு வாங்கிய ஃபேனை இன்னும் ரெண்டாம் நம்பரில் வைத்து ஓட்டுகிற வீடு என்றால் இன்னொரு விஷயம். பெரிய டப்பா மாதிரி இருக்கிற பழைய ரெகுலேட்டரில் ஸ்பீடைக் குறைத்தாலும் கரன்ட் அவ்வளவாகக் குறையாது, மிச்சம் அந்த டப்பாவுக்குள்ளேயே சூடாகப் போய்விடும். தொட்டுப் பார்த்தால் தெரியும். சின்னதாக இருக்கிற எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரில் குறைத்தால் கரன்டும் குறையும்.

அடுத்து ஏ.சி. ரிமோட்டை எடுத்தவுடன் 16-க்குக் கொண்டு போகிற வியாதி நம்ம பசங்களுக்கு உண்டு. சும்மா காட்டுக்கு ஆக்ஸிலேட்டர் முறுக்குகிற மாதிரி! சாதாரண ஏ.சி-யில் 16 வைத்தாலும் 26 வைத்தாலும் ரூம் குளிர்கிற வேகம் ஒன்றுதான். எந்த இடத்தில் கம்ப்ரஸர் நிற்கணும் என்பதைத்தான் அந்த நம்பர் சொல்கிறது. 16 என்று வைத்தால் மே மாசத்தில் அது நிற்கவே நிற்காது. கொஞ்ச நேரத்தில் குளிர் தாங்காமல் நீங்களே போர்வையைத் தேடுவீங்க. ஏ.சி-யைப் போட்டுவிட்டு கம்பளி போர்த்திக்கொள்வது... வேண்டாம், விடுங்க. டிகிரி ஒன்று ஏற்றினால் சுமார் 6 சதவீதம் கரன்ட் மிச்சம் என்பது ஸ்டார் லேபிள் ஒட்டுகிற பி.இ.இ சொல்கிற கணக்கு. அதனால்தான் 2020 ஜனவரியிலிருந்து விற்பனைக்கு வருகிற ஸ்டார் ஏ.சி-க்களில் ஆன் செய்ததும் 24-ல் ஆரம்பிக்கணும் என்று விதியே கொண்டு வந்தார்கள். 26-ல் வைத்து, ஃபேனை ஒன்று அல்லது ரெண்டில் ஓட விடுங்க. காற்று உடம்பில் பட்டால் ரெண்டு டிகிரி வித்தியாசம் தெரியவே தெரியாது.

புது ஏ.சி வாங்குகிற பேச்சு வீட்டில் ஓடுகிறதா? ஸ்டாரை மட்டும் எண்ணாமல் லேபிளில் இருக்கிற வருஷ யூனிட்டைப் படிங்க. அது 1,600 மணி நேரத்துக்குப் போட்ட கணக்கு. 800 யூனிட் என்று இருந்தால் மணிக்கு அரை யூனிட். அக்னி நட்சத்திரத்தில், மொட்டை மாடிக்குக் கீழ் ரூமில் அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் போகும். ரெண்டு ஏ.சி-யை ஒப்பிட அந்த நம்பர் போதும். ஸ்டாருக்கான அளவுகோலை சில வருஷத்துக்கு ஒருமுறை இறுக்கிக்கொண்டே வருகிறார்கள் என்பதால், பழைய ஸ்டாக்கில் இருக்கிற ஃபைவ் ஸ்டாரும் புது ஃபைவ் ஸ்டாரும் ஒன்றில்லை. ஆஃபர் என்றால் லேபிளில் எந்த வருஷம் என்று பார்த்துவிட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க.

இப்போ மறுபடி நம்ம கணக்கு வீட்டுக்கு வருவோம். ஃபேனை மாற்றியாச்சு. ராத்திரி செட்-டாப் பாக்ஸை மெயின் ஸ்விட்சில் ஆஃப் செய்கிறார்கள். (ரிமோட்டில் ஆஃப் செய்தால் அது தூங்காது, கண்ணை மூடிக்கொண்டு முழிச்சிருக்கும். 10 வாட் என்றே வையுங்க, 24 மணி நேரமும் என்றால் ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட்.) ராத்திரி மட்டும் அணைத்தாலே ஒரு ஆறு மிச்சம். 398 யூனிட், 262 ஆச்சு. நல்ல இன்வெர்ட்டர் ஏ.சி, 26 டிகிரி, பத்து மணிக்குப் போட்டு மூன்று மணிக்கு டைமரில் நிற்கிறது. மணிக்கு 0.55 வைத்தால் 165 யூனிட். மொத்தம் 427. ஏ.சி போட்டுமே கோட்டுக்கு இந்தப் பக்கம்! பில் 1,287 ரூபாய். பழைய ஏ.சி-தான் இருக்கிறது என்றால் 262-உம் 300-உம் சேர்ந்து 562. பில் 2,446. இங்கே விட்டுவிடாதீங்க. கோட்டைத் தாண்டி நிற்பது 62 யூனிட்தான், ஒரு நாளைக்கு ஒரு யூனிட். ஏ.சி-யில் ஒரு மணி நேரம் குறைத்து, வேறு எங்கேயாவது ரெண்டே ரெண்டு யூனிட் தேற்றினால் பில் 1,725-க்கு வந்துவிடும். 721 ரூபாய் வித்தியாசம். ஒரு மணி நேரம் சீக்கிரம் டைமர் வைப்பதற்கு இவ்வளவு சம்பளம் யார் தருவார்கள்?

அந்த ஒரு மணி நேரத்தை எங்கே பிடிப்பது என்றால், மொட்டை மாடியில். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்க்ரீட் தளம் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கக்கும். ஏ.சி சண்டை போடுவது காற்றோடு இல்லை, அந்தத் தளத்தோடு. மாடியில் ரெண்டு கோட் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலே வித்தியாசம் தெரியும். லீவில் இருக்கிற நாலு நண்பர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, வாளி, தென்னை மட்டை பிரஷ்... செலவு கம்மி, செல்ஃபியும் நல்லா வரும். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே ஒரு கீற்றுத் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்க. உள்ளே ஸ்க்ரீன் போடுவதைவிட வெளியே மறைப்பது நல்லது. கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதானே. ஏ.சி-யின் ஃபில்டரைக் கழற்றிக் குழாயில் காட்டுவது பத்து நிமிஷ வேலை, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை. வெளியே இருக்கிற யூனிட்டுக்கு முன்னால் பழைய சைக்கிளையும் துணிக்கொடியையும் வைத்து அடைக்காதீங்க, அது மூச்சு விடணும்.

ஃப்ரிட்ஜுக்கு ஒரு சோதனை மட்டும். கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்க. சும்மா வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு என்று அர்த்தம். குளிர் வெளியே ஒழுக ஒழுக கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும். கீசர் சுவிட்ச் மே மாசத்திலும் ஆனில் இருந்தால்... உங்க வீட்டு டேங்க்கிலேயே வெந்நீர்தான் வருகிறது, எதுக்கு?

வெளியூரில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறவங்களுக்குக் கணக்கு வேறு. ரூமுக்கென்று தனி சர்வீஸ் நம்பர் இருந்தால் மேலே சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும், இலவச யூனிட் உட்பட. ஓனர் வீட்டு மீட்டரிலிருந்து சப்-மீட்டர் போட்டு, 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று ஒரே ரேட்டில் வாங்குகிற இடமென்றால் ஃப்ரீயும் கிடையாது, ஸ்லாபும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே காசு. 1,500 வாட் கெட்டிலில் நாலு பேர் தனித்தனியாக நாலு தடவை நூடுல்ஸுக்குத் தண்ணி காய்ச்சுகிற ரூம்களில் முதலில் அதை ஒரே தடவை ஆக்குங்க. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் 'தனி மீட்டரா, சப்-மீட்டரா' என்று கேட்காமல் வாடகையை மட்டும் பேரம் பேசுவது வேஸ்ட்.

நம்ம பில்லைத் தாண்டியும் இதில் ஒரு விஷயம் இருக்கு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது, அதுவரை இல்லாத உச்சம். உங்க அண்ணன், அக்கா யாராவது 2012-ல் சென்னைக்கு வெளியே காலேஜ் படித்திருந்தால் கேட்டுப் பாருங்க. நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கட், எமர்ஜென்ஸி லைட்டில் யூனிட் டெஸ்ட் என்று கதை கதையாகச் சொல்வாங்க. அந்தச் சமயத்தில் வாங்கிய பவர்கட் இன்வெர்ட்டர் பல வீடுகளில் இன்னும் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும். (ஏ.சி-யில் சொன்னோமே, அந்த இன்வெர்ட்டர் வேறு, இது வேறு!) பேட்டரி செத்துப்போய், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் நிற்காத நிலையில் அது குடித்துக்கொண்டே இருக்கும். கட்டே இல்லாத மாசத்திலும்!

இது எல்லாம் என் கணக்கு. உங்க வீட்டுக் கணக்கு உங்க மீட்டரிடம்தான் இருக்கு. அதில் ஒரு சின்ன சிவப்பு லைட் மினுக் மினுக்கென்று அடிக்கும், பார்த்திருக்கீங்களா? பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு 1600, 3200 என்ற மாதிரி ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். அத்தனை முறை அடித்தால் ஒரு யூனிட். எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, சந்தேகப்படுகிற ஒரே ஒரு பொருளை மட்டும் போட்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை முறை அடிக்கிறது என்று எண்ணுங்க. 3200 மீட்டரில் நிமிஷத்துக்கு 53 என்றால் அது 1,000 வாட் பொருள். 4 என்றால் ஃபேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால்? வீட்டில் யாரோ ஒளிஞ்சிருக்காங்க. தேடுங்க.

இன்னிக்கு ராத்திரி ஏ.சி போடுகிறதுக்கு முன்னால் ஒரு ரீடிங், காலையில் எழுந்ததும் ஒரு ரீடிங். ரெண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்க. அப்படியே, கடைசியாக ரீடிங் எடுத்தது எந்தத் தேதி, அன்றைக்கு மீட்டரில் என்ன நம்பர் என்று ஈ.பி. கார்டிலோ போன பில்லிலோ பாருங்க. முப்பது நாள் ஆகியிருந்தால் 250-க்குள் இருக்கணும். எவ்வளவு இருக்கு?